ஆளில்லாத் தீவும் ஆகாயப் படையும்

2025ஆம் வருஷம் மே மாதம் 22ஆம் தேதியன்று பிரிட்டிஷ் சர்க்காரும் மொரிஷியஸ் சர்க்காரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்து மகா சமுத்திரத்தின் நடுவேயுள்ள சாகோஸ் தீவுக் கூட்டம் மொரிஷியஸுக்கே உரியது என்று அதில் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, அக்கூட்டத்தில் பெரியதான டியாகோ கார்ஸியாத் தீவைத் தானே 99 வருஷங்களுக்கு வைத்துக்கொள்ளவும், அதற்கு வருஷத்துக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுன் செலுத்தவும் அதே பத்திரத்தில் ஏற்பாடு செய்துகொண்டது. அந்தத் தீவில்தான் அமெரிக்காவின் பெரிய விமான தளம் இருக்கிறது. பட்டா ஒருவர் பெயருக்கு மாறும். தளம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கும் லண்டனிலும் வாஷிங்டனிலும் எதிர்ப்புக் கிளம்பிற்று. அந்த வாதங்களில் தளத்தின் பந்தோபஸ்தைப் பற்றிய பேச்சே மிகுதியாக ஒலித்தது. அங்கிருந்து துரத்தப்பட்ட குடிகளைப் பற்றியும் சிலர் பேசினார்கள். ஆனால் உடன்படிக்கையைப் பேசி முடித்த மேஜையில் அக்குடிகளுக்கு நாற்காலி போடப்படவில்லை.

எங்கோ நடுக்கடலில் கிடக்கும் பவழத் தீவைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். அத்தீவு கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,100 மைல். சென்னையிலிருந்து டில்லிக்குப் பறக்கும் தூரம் எவ்வளவோ அவ்வளவுதான். அதன் சரித்திரத்தில் நம்மவரின் பங்கும் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் அத்தளம் உண்டான விதத்தை அறிந்துகொள்வது நலம்.

டியாகோ கார்ஸியா மனிதனின் உள்ளங்கால் சுவடு போன்ற வடிவமுடையது. நிலப்பரப்பு பத்துச் சதுர மைலுக்குச் சற்றே அதிகம். நடுவில் பெரிய காயல். சுற்றிலும் ஒடுங்கிய நிலம். கடல் மட்டத்துக்குச் சில அடிகளே உயரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே தென்னந்தோப்பு வைத்தார்கள். 1814இல் மொரிஷியஸுடன் சேர்ந்து இத்தீவுகளும் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. 1835இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்தும் ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இந்தியாவும் கலந்த ஒரு சிறு சமூகம் அங்கே உருவாயிற்று. தங்களுக்கென்று ஒரு கிரியோல் மொழி பேசிற்று. கொப்பரை உலர்த்தியும் மீன் பிடித்தும், மாதா கோயில் கட்டியும், இறந்தோரைப் புதைத்தும் ஐந்தாறு தலைமுறை அங்கேயே வாழ்ந்தது.

இரண்டாவது மகா யுத்தத்தில்தான் தீவு முதன்முதலாக ஆகாயப் படையைக் கண்டது. 1942இல் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் விமானத்திலிருந்து குண்டு வீசித் தாக்கிய வருஷத்தில், பிரிட்டிஷாரின் காட்டலினா என்ற கடல் விமானங்கள் டியாகோ கார்ஸியாவின் காயலில் வந்து இறங்கின. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது அவற்றின் வேலை. யுத்தம் தீர்ந்ததும் அவை போய்விட்டன. குடிகள் தங்கள் தோப்புகளில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தளம் இருந்தபோது குடிகளும் இருந்தார்கள் என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நிலைமை ஏன் மாறிற்று? அதற்கு இலங்கையின் கதையைப் பார்க்க வேண்டும். 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமான தளத்தையும் பிரிட்டிஷார் கையிலேயே விட்டிருந்தது. 1956இல் பிரதம மந்திரியான பண்டாரநாயக்கா, இனிப் புறப்படலாம் என்று சொன்னார். 1957இல் பிரிட்டிஷார் இரண்டையும் ஒப்படைத்துவிட்டு, மாலத் தீவுகளின் தென்கோடியிலுள்ள கான் என்ற தீவுக்குப் போனார்கள். அங்கே ஓடுபாதை போடுவதற்காகக் கான் தீவின் ஜனங்களைப் பக்கத்துத் தீவுக்குப் பெயர்த்தார்கள். 1976இல் அதையும் விட்டுச் சென்றார்கள்.

இந்தச் சம்பவங்களை வாஷிங்டனிலும் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் சுதந்திரம் பெறப் பெற, ஒவ்வொரு நாடாக அந்நியத் தளத்தை வெளியேற்றும் என்பது தெளிவாயிற்று. 1950க்குப் பிந்திய அந்தப் பத்து வருஷங்களின் கடைசியில், அமெரிக்கக் கப்பற்படையில் யோசனைத் துறையில் பணியாற்றிய ஸ்டூவர்ட் பார்பர் என்ற சிவிலியன் உத்தியோகஸ்தர் ஒரு யுக்தியைக் கண்டார். பெரிய நாடுகளில் தளம் தேடுவதை விட்டு, ஜனத்தொகை அற்பமாயுள்ள தனித் தீவுகளை, அவை சுதந்திரம் பெறும் முன்பே, கையகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அந்த யுக்தி. தேசப்படத்தில் அவர் விரல் வைத்த இடங்களில் டியாகோ கார்ஸியாவும் ஒன்று.

விமான தளத்துக்கு ஓடுபாதை வேண்டும், எண்ணெய்த் தொட்டி வேண்டும், ஆழமான துறை வேண்டும் என்று நாமெல்லோரும் எண்ணியிருக்கிறோம். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, "போ" என்று சொல்லும் ஜனங்கள் இல்லாமலிருக்க வேண்டும் என்பதே இவர்கள் கண்ட தேவை. டியாகோ கார்ஸியாவில் மற்ற மூன்றும் ஆகக்கூடியதாயிருந்தன. நான்காவது ஒன்றுதான் இடித்தது. குடிகள் இருந்தார்கள். ஆகவே குடிகளை இல்லாமற் செய்வதென்று தீர்மானித்தார்கள்.

அதைச் செய்த விதம் வக்கீல் தொழில் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. மைனரின் சொத்தைப் பரிபாலிக்கும் கார்டியன், மைனர் மேஜராவதற்குச் சில மாதங்கள் முன்பு, நல்ல நன்செயாகப் பார்த்துத் தன் பெயருக்குப் பிரித்து எழுதிக்கொண்டால் எந்தக் கோர்ட்டாவது ஒப்புமா? 1965 செப்டம்பரில் மொரிஷியஸ் தலைவர்கள் சுதந்திரம் கேட்டு லண்டனில் உட்கார்ந்திருந்தபோது, சாகோஸைப் பிரித்துக் கொடுத்தால் காரியம் சுமுகமாக முடியும் என்று அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. 30 லட்சம் பவுன் பேசப்பட்டது. நவம்பர் 8ஆம் தேதி, பார்லிமெண்டைக் கேளாமல், மகாராணியின் ஆலோசனைச் சபை உத்தரவு ஒன்றினால் 'பிரிட்டிஷ் இந்து மகா சமுத்திரப் பிரதேசம்' என்ற புதிய குடியேற்ற நாடு சிருஷ்டிக்கப்பட்டது. குடியேற்ற நாடுகள் கலைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்று பிறந்தது! மொரிஷியஸைத் துண்டாடக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை அந்த டிசம்பரிலேயே தீர்மானம் செய்தது. 1968இல் மொரிஷியஸ் சுதந்திரம் பெற்றபோது, சாகோஸ் அதனிடம் இல்லை. இதற்கிடையில் 1966 டிசம்பர் 30ஆம் தேதி, கடிதப் பரிவர்த்தனை என்ற எளிய வேஷத்தில், தீவை 50 வருஷங்களுக்கு அமெரிக்காவின் உபயோகத்துக்கு விட்டது பிரிட்டன். வெளியில் வாடகை எதுவுமில்லை. போலாரிஸ் ஏவுகணை விலையில் 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியமாகக் கழித்துக் கொடுக்கப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸுக்கும் அது அப்போது தெரிவிக்கப்படவில்லை.

இனிக் குடிகளின் விஷயம். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆவது ஷரத்து, தன்னாட்சியில்லாத நாட்டை ஆளும் வல்லரசு அங்குள்ள ஜனங்களின் நலத்தையே பிரதானமாகக் கொள்ள வேண்டுமென்றும், அவர்களைப் பற்றி அறிக்கை தர வேண்டுமென்றும் விதிக்கிறது. ஜனங்களே இல்லாவிட்டால் அறிக்கை எதற்கு? எனவே, அங்கே நிரந்தரக் குடிகள் யாருமில்லை, மொரிஷியஸிலிருந்தும் ஸெஷெல்ஸிலிருந்தும் வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகளே உள்ளனர் என்று சொல்லிக்கொள்வதென லண்டனில் உத்தியோகஸ்தர்கள் முடிவு கட்டினார்கள். பாட்டனும் பூட்டனும் அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டிருந்த மனிதர்களைப் பற்றிய முடிவு இது. அந்தக் குறிப்புகள் பின்னர் கோர்ட்டு மூலம் வெளிவந்தன. அவற்றில் தீவு ஜனங்களைக் கதைகளில் வரும் காட்டு மனிதர்களின் பெயரால் பரிகசித்து எழுதியிருப்பதைப் படிக்கையில் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. இங்கே நம் பாட்டன்மாரைப் பற்றி அந்த வர்க்கத்தார் எழுதிய பைல்களும் இதே நடையில்தான் இருக்கும்!

1967இல் தோப்புகளை 6,60,000 பவுனுக்குச் சர்க்கார் கொள்முதல் செய்தது. வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸுக்குப் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. 1968இல் பெரோஸ் பான்யோஸ் தீவிலிருந்து ஒரு தாய், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய மகளைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனாள். மகள் இறந்தாள். ஊர் திரும்பப் போன தாயிடம், உன் தீவு விற்கப்பட்டுவிட்டது என்று சொன்னார்கள். அவளுடன் அப்போது சென்ற நான்கு வயதுப் பிள்ளைதான், பிற்காலத்தில் பிரிட்டிஷ் சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுத்த ஒலிவியே பான்கூல்.

1971 மார்ச்சில் அமெரிக்கக் கப்பற்படையின் கட்டுமானப் பட்டாளத்தார் டியாகோ கார்ஸியாவில் இறங்கினார்கள். அந்த வருஷத்திலேயே அனுமதியின்றி ஒருவரும் அங்கே இருக்கக் கூடாதென்று ஒரு சட்டம் பிறப்பிக்கப்பட்டது. குடிகள் வளர்த்த நாய்களைப் பிடித்துக் கொப்பரை உலர்த்தும் சூளையில் அடைத்து, மோட்டார் வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். குடிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களுடைய முறை வந்தது. ஒரு பெட்டியும் ஒரு பாயுமாகக் கப்பலேறினார்கள். 1972இல் ஸாலமன் தீவுகளும், 1973இல் பெரோஸ் பான்யோஸும் காலியாயின. வெளியேற்றப்பட்டவர் சுமார் 1,500 பேர். லிஸ்பி எலிஸே என்ற மாது 1973 ஏப்ரலில் 'நோர்ட்வேர்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டபோது நான்கு மாதக் கர்ப்பிணி. மொரிஷியஸில் பிறந்த குழந்தை உயிர் தங்கவில்லை. 2018 செப்டம்பரில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய வாக்குமூலம் படச்சுருள் மூலம் காட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மாது, தம் சொந்த மொழியில், பதினான்கு நீதிபதிகள் முன்பாக அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார்.

இவ்வளவும் செய்து அமைத்த தளம் என்ன காரியம் செய்தது? முதலில் அது வெறும் தந்திச் செய்தி நிலையம் என்றே அமெரிக்கக் காங்கிரஸிடம் பணம் கேட்கப்பட்டது. செய்தி நிலையத்துக்கு 8,000 அடி ஓடுபாதை! 1979இல் ஈரானில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு தளம் மடமடவென்று வளர்ந்தது. ஓடுபாதை 12,000 அடியாயிற்று. காயலில் யுத்த தளவாடங்கள் நிரம்பிய கப்பல்கள் நிரந்தரமாக நங்கூரமிட்டன. 1991இல் ஈராக்கின்மேல் குண்டு போட பி-52 விமானங்கள் இங்கிருந்து எழுந்தன. 2001இல் சுமார் 2,900 மைலுக்கு அப்பாலுள்ள ஆப்கானிஸ்தானத்தின்மேலும், 2003இல் மீண்டும் ஈராக்கின்மேலும் அவ்வாறே எழுந்தன. 2025 வசந்தத்தில் ஆறு பி-2 விமானங்கள் வந்து ஓடுபாதை ஓரத்தில் நின்றதை ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் உலகமே பார்த்தது. விசாரணையின்றி நாடு விட்டு நாடு கடத்தப்பட்ட கைதிகளோடு 2002இல் இரண்டு விமானங்கள் அங்கே எண்ணெய் நிரப்பிச் சென்றன என்பதை, பல வருஷங்கள் மறுத்துவந்த பிறகு, 2008இல் பிரிட்டிஷ் அந்நிய நாட்டு மந்திரி பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். தீவின் வடிவத்தைக் கொண்டு அமெரிக்கச் சிப்பாய்கள் தளத்துக்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சுதந்திரத்தின் அடிச்சுவடு'. பெயர் வைத்தவரின் ஹாஸ்யத்தை நாம் மெச்சுகிறோம்.

தளமே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. சமுத்திரத்தைக் காக்க நம் நாட்டுக்கும் விமான தளங்கள் வேண்டும். 1940இல் பிரிட்டிஷார் போட்ட தஞ்சாவூர்த் தளம் 2013இல் விரிவாக்கப்பட்டு, 2020 ஜனவரியில் அங்கே சுகோய் விமானப் பிரிவு நிறுத்தப்பட்டது. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. நிலம் எடுத்தால் நோட்டீஸ் உண்டு, நஷ்ட ஈடு உண்டு, போதாதென்றால் கோர்ட்டு உண்டு, கூட்டம் போட்டுக் கூச்சலிட மைதானமும் உண்டு. டியாகோ கார்ஸியாவின் குடிகளுக்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. மொரிஷியஸ் சேரிகளில் பட்டினி கிடந்தவர்களுக்கு முதல் நஷ்ட ஈடு கைக்கு வர ஏறக்குறைய ஐந்து வருஷங்கள் ஆயின. 1975இல் முதன்முதலில் லண்டனில் வழக்குத் தொடுத்தவர் பெயர் மிஷெல் வெங்கடாஸன். அந்தப் பெயரை நம் வீட்டுப் பெயராகக் கேட்காத தமிழர் உண்டோ? அவ்வழக்கின் பலனாக 1982இல் 40 லட்சம் பவுன் கிடைத்தது. அதற்குப் பதிலாக, திரும்பி வரும் உரிமையைக் கைவிட்டதாகப் பலரிடம், அவர்கள் படிக்க முடியாத ஆங்கிலத்தில் எழுதிய தாள்களில், பெருவிரல் ரேகை வாங்கினார்கள்.

கோர்ட்டு வழக்குகளின் கதை நீளமானது. 2000 நவம்பரில் லண்டன் ஹைகோர்ட்டார், ஒரு நாட்டின் ஒழுங்குக்காகவும் நல்லாட்சிக்காகவும் சட்டம் செய்யும் அதிகாரம் குடிகளை ஆளுவதற்கே அன்றி அகற்றுவதற்கு அல்ல என்று தீர்ப்பளித்தார்கள். 2004இல் சர்க்கார் மறுபடியும் ஆலோசனைச் சபை உத்தரவினால் அத்தீர்ப்பைச் சூனியமாக்கிற்று. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகளில் மூவர் சர்க்கார் பக்கமும் இருவர் குடிகள் பக்கமும் நின்றார்கள். ஒரு நீதிபதியின் மனம் மாறியிருந்தால் ஒரு ஜன சமூகம் ஊர் திரும்பியிருக்கும். 2019 பிப்ரவரி 25ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே சட்ட விரோதம் என்று அபிப்பிராயம் வெளியிட்டது. மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன. ஆறு நாடுகளே எதிர்த்தன. தளத்தின் விளக்குகள் மாத்திரம் அணையவில்லை.

ஜனங்களே இல்லையென்று சாதித்த அத்தீவுக்கு 2021 அக்டோபரில் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள்! இலங்கையை விட்டு ஓடிய தமிழர் 89 பேர், குழந்தை குட்டிகளுடன், கனடாவை நோக்கி ஒரு மீன்பிடி படகில் புறப்பட்டு, படகு பழுதாகித் தத்தளித்தபோது, பிரிட்டிஷ் கப்பல் அவர்களை டியாகோ கார்ஸியாவுக்குக் கொண்டுவந்தது. வேலி போட்ட ஒரு சிறு முகாமில், எலிகள் குடியிருந்த கூடாரங்களில், மூன்று வருஷங்களுக்கு மேல் அவர்களை வைத்திருந்தார்கள். அகதி விண்ணப்பம் என்பதையே அதற்குமுன் கண்டிராத அந்தப் பிரதேசத்துக்கு, காகிதத்தில் ஒரு சுப்ரீம் கோர்ட்டு இருந்தது. அதன் கதவைத் தட்டியவர்கள் நம் மக்கள். விசாரணைக்காக நீதிபதி தீவுக்கு வருவதையும் அமெரிக்க அதிகாரிகள் ஒருமுறை தடுத்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மாதம் 16ஆம் தேதி நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்களை அடைத்து வைத்தது சட்ட விரோதமென்றும், பெயர்தான் வேறு, உண்மையில் அது சிறையே என்றும் தீர்ப்புச் சொன்னார். குடிகளற்ற இடத்தில் தளம் வைத்தால் கேள்வி கேட்பார் இருக்க மாட்டார் என்று எண்ணியவர்களின் கணக்கு, தப்பி வந்த தமிழர்களால் ஓரளவு பிசகிற்று.

நம் நாட்டின் நடத்தையையும் சிறிது பார்ப்போம். 1971இல் இலங்கையின் முயற்சியால், இந்தியாவும் கை கொடுக்க, இந்து மகா சமுத்திரத்தைச் சமாதான மண்டலமாகப் பிரகடனம் செய்யும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியது. டிசம்பர் 16ஆம் தேதி. டாக்காவில் பாகிஸ்தான் சேனை சரணடைந்த அதே தினம். வல்லரசுகளின் தளங்களை அத்தீர்மானம் கண்டித்தது. அந்த வருஷமே வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்த குடிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதன் பின் வருஷங்கள் செல்லச் செல்ல நமது கண்டனக் குரல் தணிந்தது. இன்று அத்தளம் நமக்கும் ஒருவகையில் அனுகூலம் என்று கருதுவோர் டில்லியில் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை நாம் முற்றும் தள்ளவில்லை. ஆனால் அனுகூலம் என்று கருதத் தொடங்கியவுடன் குடிகள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறார்கள். 1966இல் லண்டனில் நேர்ந்ததும் அதுவே.

இது வெறும் உபதேசத்துக்காகச் சொன்னதன்று. 2024 பிப்ரவரி 29ஆம் தேதியன்று நமது பிரதம மந்திரியும் மொரிஷியஸ் பிரதம மந்திரியும் சேர்ந்து அகலேகாத் தீவில் ஒரு விமான ஓடுபாதையையும் கப்பல் துறையையும் திறந்து வைத்தார்கள். கட்டியது நம் பணம். ஓடுபாதையின் நீளம் 3,000 மீட்டர். அங்கே வசிப்பவர் ஏறக்குறைய 300 பேர். அவர்களும் கிரியோல் பேசும் தென்னந்தோப்பு ஜனங்களே. 1967இல் பிரிட்டன் சாகோஸ் தோப்புகளை எந்தக் கம்பெனியிடமிருந்து வாங்கிற்றோ, அதன் பெயரே 'சாகோஸ் அகலேகா கம்பெனி'. இது ராணுவத் தளமன்று, தீவு ஜனங்களின் சௌகரியத்துக்கும் கடற் காவலுக்குமே ஆனது என்று இரு சர்க்கார்களும் சொல்கின்றன. அதை அவநம்பிக்கையோடு பார்க்க நமக்கு மனமில்லை. செய்தி நிலையம் என்று சொல்லித் தொடங்கியதை மறக்கவும் முடியவில்லை.

சாகோஸ் குடிகளுக்கு இன்று மிஞ்சியிருப்பது என்ன? 2015இல் பிரிட்டிஷ் சர்க்கார் செய்வித்த ஆராய்ச்சி மீள்குடியேற்றம் இயலும் என்றது. 2016இல் அச்சர்க்கார் செலவையும் தளத்தின் பந்தோபஸ்தையும் காட்டி மறுத்தது. 2025 உடன்படிக்கை மற்றத் தீவுகளில் குடியேற்ற மொரிஷியஸுக்கு அனுமதி தருகிறது. டியாகோ கார்ஸியாவில் தரவில்லை. ஓடுபாதை அத்தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. பழைய கிராமமும் மாதா கோயிலும் இடுகாடும் காயலுக்கு எதிர்ப்புறத்துக் கிழக்குக் கரையில். தளத்தில் சமைக்கவும் கூட்டவும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் ஒப்பந்தத்தின் பேரில் ஆட்கள் வந்து குடியிருக்கிறார்கள். அவர்களால் கெடாத பந்தோபஸ்து, இடுகாட்டுக்கு அருகே சில குடும்பங்கள் திரும்ப வருவதால் எப்படிக் கெடும்? இந்த யுக்தியை முதலில் கண்ட பார்பரே தம் கடைசிக் காலத்தில், குடிகளை அகற்றியிருக்க அவசியமில்லை என்று எழுதினார்.

லண்டனை மாற்ற நம்மால் ஆகாது. டில்லியைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. அகலேகா சம்பந்தமாக இந்தியாவும் மொரிஷியஸும் செய்துகொண்ட ஏற்பாடுகளில், அத்தீவுக் குடிகளில் ஒருவரையும் அவர் சம்மதமின்றி எக்காலத்திலும் அப்புறப்படுத்துவதில்லை என்று ஒரு ஷரத்துச் சேர்க்கப்பட வேண்டும். அது நம் பார்லிமெண்டின் மேஜைமேல் வைக்கப்பட வேண்டும். அதன் பிரதி அகலேகாவில் வீட்டுக்கு ஒன்றாக, அந்த ஜனங்கள் படிக்கக்கூடிய கிரியோல் மொழியில் கொடுக்கப்பட வேண்டும்.